50 பேர் 3 பேர் ஆன கதை தெரியுமா?

சிம்பாங் அம்பாட். பேருக்கு என்ன பொருள் தெரியுமா? நாற்சந்தி! 'அம்பாட்' என்பது மலாய் மொழியில் நாலு என்று சொல்லும் 'எம்பாட்' என்ற சொல்லின் பழைய எழுத்து. காலையில் வந்து நின்று பாருங்கள். செம்பனைக் குலை ஏற்றிய லாரி ஒரு பக்கம், பள்ளிப் பேருந்து ஒரு பக்கம், டோல் சாவடிக்கு விரையும் கார்கள் ஒரு பக்கம், அலோர் காஜாவுக்கு வேலைக்குப் போகிற மோட்டார்சைக்கிள்கள் ஒரு பக்கம். நாலு பேரும் போய்ச் சேர வேண்டுமானால் நட்ட நடுவில் இருக்கும் அந்தச் சின்ன இடம் அடைபடாமல் இருக்க வேண்டும்!

சட்டமன்றமும் மக்களவையும் ஒரு நாற்சந்திதான். அங்கே நடுவில் நின்று இரு பக்கமும் பேசுகிறவர்களுக்கு 'மிதவாதிகள்' என்று பெயர். அவர்கள் எண்ணிக்கை உலகம் முழுக்கத் தேய்ந்துகொண்டே வருகிறது. எவ்வளவு தெரியுமா? வாங்க, எண்ணிப் பார்ப்போம்!

பத்தில் ஒரு பங்குக்கு ஒரு போர்!

நம் ஊருக்குப் பக்கத்தில் இருக்கிற தாபோ நானிங்கைத் தெரியும். அந்த நானிங்கில் 1831இல் போர் மூண்டது தெரியுமா? விளைச்சலில் பத்தில் ஒரு பங்கு கேட்டது கிழக்கிந்தியக் கம்பெனி. தர மாட்டேன் என்றார் நானிங் தலைவர் டோல் சாயிட். நடுவில் பேச ஆளில்லை! வந்த சிப்பாய்கள் யார்? மதராஸ் படைப்பிரிவினர்! முதல் படையெடுப்பு தோற்றது. 1832இல் இன்னொன்று. கிடைக்கக்கூடிய வரியைவிடப் போர்ச் செலவு பல மடங்கு! கடைசியில் அதே டோல் சாயிடுக்கு உதவித்தொகை கொடுத்து மலாக்காவில் குடிவைத்தது கம்பெனி. அதை முதலிலேயே பேசியிருக்கலாமே!

சமரச மேசையின் தலைமை நாற்காலியில் ஒரு தமிழர்!

1949இல் மலாயாவின் இனத் தலைவர்களை ஒரே மேசையில் உட்கார வைத்துப் பேச ஒரு குழு அமைந்தது. குடியுரிமை முதல் பொருளாதாரம் வரை முள்ளான விஷயங்கள் எல்லாம் அங்கே வந்தன. அந்தச் சமூகத் தொடர்புக் குழுவுக்குத் தலைமை தாங்கியவர் யார் தெரியுமா? இலங்கைத் தமிழரான இ.இ.சி. துரைசிங்கம்! மலாய்த் தலைவர் ஒரு பக்கம், சீனத் தலைவர் ஒரு பக்கம், நடுவில் நம்மவர்!

தொடங்கியவரையே தோற்கடித்த கட்சி!

1946இல் அம்னோவைத் தொடங்கியவர் டத்தோ ஓன் ஜாபார். கட்சிக் கதவை எல்லா இனத்துக்கும் திறந்து விடுவோம் என்றார். கட்சி ஏற்கவில்லை! 1951இல் வெளியேறி, எல்லா இனத்துக்கும் பொதுவாக மலாயா சுதந்திரக் கட்சியைத் தொடங்கினார். 1952 கோலாலம்பூர் நகராட்சித் தேர்தலில் 12 இடங்களில் அவர் கட்சிக்குக் கிடைத்தது வெறும் 2! அம்னோவும் ம.சீ.ச.வும் கைகோத்து 9 இடங்களை அள்ளின. 1955இல் ஓன் ஜாபாரே அம்னோ வேட்பாளரிடம் தோற்றார். தாம் பெற்ற பிள்ளையிடமே தோற்றது போல! இதில் இன்னொரு அதிசயம்: 1976இல் அதே அம்னோவிலிருந்து பிரதமரானவர் அவருடைய சொந்த மகன் ஹுசேன் ஓன்!

16 விழுக்காடு வாக்கு, 17 பேர் வெற்றி!

1955 தேர்தலில் வாக்காளர்களில் ஏறக்குறைய 84 விழுக்காடு மலாய்க்காரர்கள். மற்ற எல்லாரும் சேர்ந்தாலே 16 விழுக்காடுதான்! ஆனால் அம்னோ, ம.சீ.ச., ம.இ.கா. மூன்றும் சேர்ந்த கூட்டணி எத்தனை மலாய்க்காரர் அல்லாதவர்களை நிறுத்தியது தெரியுமா? 17 பேரை! ம.சீ.ச.வுக்கு 15, ம.இ.கா.வுக்கு 2. எத்தனை பேர் வென்றார்கள்? 17 பேரும்! ஒருவர்கூடத் தோற்கவில்லை! மொத்தம் 52 இடங்களில் 51 கூட்டணிக்கு. தப்பிய ஒன்றே ஒன்று பாஸ் கட்சிக்கு! கம்பத்து மலாய்க்காரர்கள் கை நீட்டி ஒரு சீனருக்கும் தமிழருக்கும் வாக்களித்த அந்தக் காட்சியை நினைத்துப் பாருங்கள்!

அடுத்த ஆண்டு, 1956 பிப்ரவரி 20. லண்டனிலிருந்து திரும்பிய துங்கு அப்துல் ரஹ்மான் விடுதலை நாளை மக்களுக்குச் சொல்லத் தேர்ந்தெடுத்த ஊர் எது? நம்ம மலாக்கா! பண்டார் ஹிலிர் திடல்!

21 மாதம் பூட்டிக் கிடந்த நாடாளுமன்றம்!

1969 மே 10 தேர்தலில் கூட்டணி பெரும் சரிவு கண்டது. மூன்றே நாளில், மே 13இல் கலவரம்! அதிகாரப்பூர்வக் கணக்கில் மாண்டவர்கள் 196 பேர். நாடாளுமன்றம் மறுபடி கூடியது எப்போது தெரியுமா? 1971 பிப்ரவரியில்! நடுவில் பேசுகிறவர்கள் தோற்றால் என்ன ஆகும் என்பதற்கு அந்த 21 மாதமே சாட்சி.

தராசு ஏன் வந்தது தெரியுமா?

1974இல் பிறந்த தேசிய முன்னணியின் சின்னம் தராசு! பால்மரத் தோட்டத்தில் பிறந்தவர்களுக்குத் தராசு புதிதல்ல. வெட்டிய பாலை வாளியோடு கொண்டு போய் ஸ்டோரில் வரிசை நின்று, நிறுவையில் கண் வைத்துக் காத்திருந்த தலைமுறை அது. முள் எந்தப் பக்கம் சாய்ந்தாலும் வயிற்றில் அடி! அந்தத் தராசுக்குள் 1974இல் யார் யார் இருந்தார்கள் தெரியுமா? அம்னோவும் அதன் பரம வைரியான பாஸும் ஒன்றாக! பினாங்கைப் பிடித்த எதிர்க்கட்சியான கெராக்கானும் கூடவே! 154 இடங்களில் 135 வெற்றி! ஆனால் பாஸ் தங்கியது எத்தனை காலம்? 1977 முடிவதற்குள் வெளியே!

222இல் எத்தனை தொகுதி நம்முடையது?

மலேசியாவில் நாடாளுமன்றத் தொகுதிகள் 222. இந்தியர் பெரும்பான்மையாக இருக்கும் தொகுதி எத்தனை? யோசித்துச் சொல்லுங்கள். பத்தா? ஐந்தா? பூஜ்யம்! ஒன்றுகூட இல்லை! அப்படியானால் எந்தத் தமிழர் வென்றாலும், எந்தக் கட்சியில் நின்றாலும், வேறு இனத்தார் வாக்கு இல்லாமல் வென்றதில்லை!

பக்கத்திலேயே உதாரணம் இருக்கிறது. அலோர் காஜா வட்டாரத்தின் காடேக் சட்டமன்றத் தொகுதி. மலாய் வாக்காளர்களே அங்கு அதிகம். 2018இல் அங்கே வென்றவர் ஜ.செ.க.வின் சாமிநாதன். 2021இல் வென்றவர் ம.இ.கா.வின் சண்முகம். கட்சி மாறியது, கொடி மாறியது. இரண்டு முறையும் வென்றவர் தமிழர்! நடு இருக்கிற வரைதான் இந்த அதிசயம் நடக்கும். நடு தேய்ந்தால் முதலில் இடம் இழப்பது நாம்தான்!

50, 20, 12, 3!

இதுதான் தலைப்புக் கணக்கு. நாற்காலியைப் பிடித்துக்கொள்ளுங்கள்! தேசிய முன்னணிக்குள் நடுப் பாலமாக இருந்தவை ம.சீ.ச., ம.இ.கா., கெராக்கான்.

2004: ம.சீ.ச. 31, கெராக்கான் 10, ம.இ.கா. 9. மொத்தம் 50!

2008: 15, 2, 3. மொத்தம் 20!

2013: 7, 1, 4. மொத்தம் 12!

2018: 1, 0, 2. மொத்தம் 3!

14 ஆண்டில் 50 பேர் 3 பேர் ஆனார்கள்! ஒரு பேருந்து நிறைய வந்தவர்கள் ஒரே மோட்டார்சைக்கிளில் திரும்பிப் போகிற அளவு!

1974 முதல் இருந்தவர் ஒரே இரவில்!

ஏன் தேய்ந்தது? நடுவில் இருந்தவர்கள் நம் குரலைக் கேட்கிறார்களா என்ற கோபம்தான்! 2007 நவம்பர் 25. ஹிண்ட்ராஃப் இயக்கத்தின் அழைப்பில் கோலாலம்பூர் தெருவில் திரண்டார்கள் இந்தியர்கள். நாலே மாதத்தில், 2008 மார்ச் 8இல் தேர்தல். சுங்கை சிப்புட் தொகுதியை 1974இலிருந்து வைத்திருந்த ச. சாமிவேலுவே தோற்றார்! நடுவில் உட்கார்ந்தால் மட்டும் போதுமா? அங்கிருந்து வாய் திறக்கவும் வேண்டுமே!

பாஸ் நிறுத்திய தமிழ்ப் பெண்!

அதே 2008இல் இன்னொரு ஆச்சரியம் தெரியுமா? ஜொகூர் திராம் சட்டமன்றத் தொகுதிக்கு இஸ்லாமியக் கட்சியான பாஸ் தேர்ந்தெடுத்த வேட்பாளர் யார்? குமுதா ராமன் என்ற இந்துத் தமிழ்ப் பெண்! பி.கே.ஆர். சின்னத்தில் நின்றார். ஓரத்தில் இருந்த கட்சி நடுவை நோக்கி எட்டு எடுத்து வைத்த காலம் அது!

பிறகு? 2015 கட்சித் தேர்தலில் பாஸின் மிதவாத அணி அடியோடு தோற்றது. வெளியேறி அமானா கட்சியைத் தொடங்கினார்கள். தோற்றவர்கள் கதை அதோடு முடிந்ததா? மலாக்கா பாஸ் கட்சியின் ஆணையராக இருந்த அட்லி ஸஹாரி அவர்களில் ஒருவர். மூன்றே ஆண்டில், 2018இல், அவர் மலாக்காவின் முதலமைச்சர்! 2022இல் அலோர் காஜாவின் நாடாளுமன்ற உறுப்பினர்!

நாலு பேர் கவிழ்த்தார்கள், மறுபடி நாலு பேர் கவிழ்த்தார்கள்!

மலாக்கா சட்டமன்றத்தில் மொத்தம் 28 இடம். 2018இல் நம்பிக்கைக் கூட்டணிக்கு 15, தேசிய முன்னணிக்கு 13. மயிரிழை! 2020 மார்ச்சில் நாலு பேர் பக்கம் மாறினார்கள். அரசு கவிழ்ந்தது! 2021 அக்டோபர் 4இல் மறுபடி நாலு பேர் ஆதரவை விலக்கினார்கள். அந்த அரசும் கவிழ்ந்தது! இரண்டு நால்வர் பட்டியலிலும் இருந்தவர்கள் யார் தெரியுமா? பெங்காலான் பத்துவின் நோர்ஹிசாமும் தெலோக் மாஸின் நூர் எஃபண்டியும்! இரண்டாம் பட்டியலில் முன்னாள் முதலமைச்சர் இட்ரிஸ் ஹரோனும் இருந்தார். அடுத்து வந்த தேர்தலில் அந்த இரண்டாம் நால்வரில் சபைக்குத் திரும்பியவர்கள் எத்தனை பேர்? ஒருவரும் இல்லை!

38 எப்படி 75 ஆகும்?

2021 நவம்பர் 20, மலாக்கா சட்டமன்றத் தேர்தல். கோவிட் காலம் என்பதால் மேடைக் கூட்டங்களுக்குத் தடை! மும்முனைப் போட்டி. தேசிய முன்னணிக்கு விழுந்த வாக்கு சுமார் 38 விழுக்காடு. கிடைத்த இடம்? 28இல் 21! அதாவது 75 விழுக்காடு! நம்பிக்கைக் கூட்டணி 35 விழுக்காட்டுக்கு மேல் வாங்கியும் 5 இடம்தான்! பெரிக்காத்தான் நேஷனல் நாலில் ஒரு பங்கு வாக்கு வாங்கியும் 2 இடம்தான்! தொகுதியில் முதலாவதாக வந்தவருக்கே எல்லாம் என்ற முறையின் மாயம் இது!

வாக்களித்தவர்கள் எத்தனை பேர் தெரியுமா? சுமார் 66 விழுக்காடு! மூவரில் ஒருவர் வரவில்லை. அந்த மூன்றாமவர் எந்தப் பக்கத்து ஆள்? அவர் நடுவில் நிற்பவராக இருந்தால், அவர் இடத்தையும் சேர்த்து ஓரங்களே பேசிவிடும்!

ஒரே ஆண்டில் 21 எங்கே, 0 எங்கே!

அந்த மாபெரும் வெற்றிக்குப் பிறகு ஏறக்குறைய ஓர் ஆண்டு. 2022 நவம்பர் 19 பொதுத்தேர்தல். மலாக்காவில் 6 நாடாளுமன்றத் தொகுதி. 28இல் 21ஐ அள்ளிய தேசிய முன்னணிக்கு இப்போது எத்தனை? பூஜ்யம்! மஸ்ஜிட் தானா, தங்கா பத்து, ஜாசின் மூன்றும் பெரிக்காத்தானுக்கு. அலோர் காஜா, ஹங் துவா ஜெயா, கோத்தா மலாக்கா மூன்றும் நம்பிக்கைக் கூட்டணிக்கு. 3-க்கு 3! மாநிலம் அப்பம் போல இரண்டாகப் பிய்ந்தது! நாடு முழுக்கவும் அதே கதை. தனிக்கட்சிகளில் முதலிடம் பாஸ், 43. அடுத்தது ஜ.செ.க., 40. ஒன்றுக்கொன்று நேரெதிர்! ம.இ.கா.வுக்கு? தாப்பா மட்டும். ஒன்றே ஒன்று!

61 ஆண்டில் 6, நாலரை ஆண்டில் 4!

1957 முதல் 2018 மே வரை மலேசியாவுக்கு எத்தனை பிரதமர்கள்? 6 பேர். 61 ஆண்டில்! அந்த மே மாதத்திலிருந்து 2022 நவம்பர் வரை? மகாதீர் மறுபடியும், முஹிடின், இஸ்மாயில் சப்ரி, அன்வார். நாலரை ஆண்டில் 4 பேர்! 2020 ஜூலையில் மக்களவைத் தலைவரை மாற்ற நடந்த வாக்கெடுப்பு என்ன கணக்கு தெரியுமா? 111-க்கு 109! இரண்டே இரண்டு வாக்கு!

ஈப்போவில் பிறந்த பெருமகன்!

இலங்கைத் தமிழர்களின் தந்தை செல்வா பிறந்த ஊர் எது தெரியுமா? யாழ்ப்பாணம் என்பீர்கள். இல்லை! நம்ம ஈப்போ! 1898இல்! 1956இல் சிங்களம் மட்டும் சட்டம் வந்த மறு ஆண்டே அவரும் பிரதமர் பண்டாரநாயக்கவும் ஒப்பந்தம் எழுதினார்கள். 1957 ஜூலை 26. எத்தனை மாதம் தாங்கியது? ஒன்பது மாதம்கூட இல்லை! எதிர்ப்பைக் கண்டு 1958 ஏப்ரலில் பண்டாரநாயக்கவே அதைக் கைவிட்டார். அவ்வளவு பணிந்தும் தப்பினாரா? 1959இல் ஒரு பிக்குவின் துப்பாக்கிக்கு இரையானார்!

ஆசனங்களும் போயின!

1977இல் தமிழர் விடுதலைக் கூட்டணிக்கு 18 இடம். அ. அமிர்தலிங்கம் இலங்கை நாடாளுமன்றத்தின் எதிர்க்கட்சித் தலைவர்! 1983 ஆகஸ்டில் ஆறாவது அரசியல் திருத்தம் வந்தது. தனிநாட்டுக்கு எதிராகச் சத்தியம் செய்யச் சொன்னது. செய்ய மறுத்தார்கள், ஆசனங்களை இழந்தார்கள். சபையில் பேச வேண்டிய வாய்கள் சபைக்கு வெளியே! அமிர்தலிங்கம் 1989 ஜூலையில் சுட்டுக் கொல்லப்பட்டார். தீர்வுத் திட்டத்துக்கு உழைத்த நீலன் திருச்செல்வம் 1999 ஜூலையில் குண்டுக்குப் பலியானார். ஆச்சரியக்குறி போட மனம் வராத கணக்கு இது.

நடுவில் இருந்தவர்களுக்கு 'சதுப்பு நிலம்' என்று பெயர்!

இடதுசாரி, வலதுசாரி என்கிறோமே, அது எங்கிருந்து வந்தது தெரியுமா? 1789இல் பிரெஞ்சு சபையில் யார் எந்தப் பக்கம் உட்கார்ந்தார்கள் என்பதிலிருந்து! பிறகு தீவிரவாதிகள் உயரமான பெஞ்சுகளில் ஏறிக்கொண்டார்கள், பெயர் 'மலை'! நடுவிலே தாழ்ந்த பெஞ்சுகளில் இருந்தவர்களை என்னவென்று கேலி செய்தார்கள்? 'சதுப்பு நிலம்'! மிதவாதிக்கு அன்றே மரியாதை அவ்வளவுதான்!

இரண்டு வாள் தூரம்!

லண்டன் மக்களவைக் கம்பளத்தில் இரண்டு சிவப்புக் கோடு உண்டு. பேசும்போது தாண்டக் கூடாது! கோடுகளுக்கு இடையே எவ்வளவு? இரண்டு வாள் நீளம் என்பது வழிவழியாகச் சொல்லப்படும் கதை! அமெரிக்காவில் கோடு இல்லை. 1856இல் ஓர் உறுப்பினர் செனட்டுக்குள்ளேயே புகுந்து செனட்டர் சார்லஸ் சம்னரைக் கைத்தடியால் அடித்துத் துவைத்தார்! சம்னர் முழுமையாகப் பணிக்குத் திரும்ப மூன்று ஆண்டு ஆனது!

160 போய் 2 டஜன்!

அதே அமெரிக்கா, 1964. கறுப்பின மக்களுக்கான குடிசார் உரிமைச் சட்டம். ஆட்சியில் ஜனநாயகக் கட்சி. எதிர்க்கட்சியான குடியரசுக் கட்சியின் 33 செனட்டர்களில் ஆதரித்தவர்கள் எத்தனை பேர்? 27 பேர்! 2010இல் மருத்துவக் காப்பீட்டுச் சட்டம். எதிர்க்கட்சியிலிருந்து எத்தனை? பூஜ்யம்! பியூ ஆய்வு மையம் எண்ணிப் பார்த்தது. 1970களின் தொடக்கத்தில் அமெரிக்க காங்கிரசில் 160க்கும் மேற்பட்ட மிதவாதிகள். 2022இல்? சுமார் இரண்டு டஜன்!

63 பெரிதா, 146 பெரிதா?

1989 மார்ச்சில் இந்திய மக்களவையில் ஒரே நாளில் 63 உறுப்பினர்கள் இடைநீக்கம். அன்று நாடே வாய் பிளந்தது. 2023 டிசம்பரில்? ஒரே கூட்டத்தொடரில் இரு அவைகளிலும் சேர்த்து 146 பேர்!

எதிர்த்து ஒருவர்கூட இல்லை!

எல்லாம் தேய்பிறைதானா? இல்லவே இல்லை! 2019 ஜூலை 16. வாக்களிக்கும் வயதை 21இலிருந்து 18 ஆக்கும் திருத்தம் நம் மக்களவைக்கு வந்தது. ஆதரவு 211. எதிர்ப்பு? 0! 2022 ஜூலை 28. கட்சித் தாவலைத் தடுக்கும் திருத்தம். ஆதரவு 209. எதிர்ப்பு? மறுபடி 0! இரண்டே வாக்கில் சண்டை போட்ட அதே சபை!

அதைவிடப் பெரிய அதிசயம் அந்த ஆண்டு இறுதியில். பல பத்தாண்டு பரம எதிரிகளான அம்னோவும் ஜ.செ.க.வும் ஒரே அமைச்சரவையில்! எவருக்கும் பெரும்பான்மை இல்லாத சபையில், பேசித்தான் ஆக வேண்டும் என்ற நிலை வந்தபோது, காணாமல் போன நடு மறுபடி முளைத்தது!

நம் கையில் இருப்பது எவ்வளவு தெரியுமா?

இடது ஆட்காட்டி விரலில் ஒரு சொட்டு மை! அவ்வளவுதான். ஆனால் காடேக்கில் ஒரு தமிழரை உட்கார வைப்பதும் எழுப்புவதும் அந்த மைதான். 1955இல் 17 பேரையும் கரை சேர்த்தது நம் கை மட்டுமா? பக்கத்துக் கம்பத்துக் கைகளும்தான்! நமக்கு அந்த நடு வேண்டும்.

அடுத்த தேர்தலில் சிம்பாங் அம்பாட் கோப்பிக் கடைக்கு வேட்பாளர் வருவார், கை குலுக்குவார். தே தாரேக்கைக் கீழே வைத்துவிட்டு ஒரே ஒரு கேள்வி கேளுங்கள். "ஐயா, எதிர்க்கட்சிக்காரர் கொண்டு வந்த எந்த நல்ல தீர்மானத்துக்கு நீங்க கை தூக்கினீங்க?"

பதில் சட்டென்று வருகிறதா என்று பாருங்கள்! வந்தால், நாற்சந்தியின் நடு இன்னும் திறந்திருக்கிறது!